மட்டக்களப்புக் கரையிலிருந்து பார்த்தால்: வெகுசனவாதமும் சர்வதேசச் சட்டமும்

2014 ஜூலை 6ஆம் திகதி, மட்டக்களப்புத் துறைக்குச் சற்று வெளியே கடலில், அவுஸ்திரேலியக் கப்பலிலிருந்து 41 பேர் இலங்கைக் கடற்படையிடம் ஒப்படைக்கப்பட்டார்கள். தஞ்சம் கேட்டுப் படகேறியவர்கள் அவர்கள். பெரும்பாலானோர் சிங்களவர், நால்வர் தமிழர். கொக்கோஸ் தீவுகளுக்கு மேற்கே அவர்களின் படகை மறித்து, கடலில் வைத்தே சுருக்கமாகச் சில கேள்விகள் கேட்டு, திருப்பி அனுப்பலாம் என்று முடிவெடுத்திருந்தார்கள். கரைக்கு வந்ததும் காலி நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். அகதிகளுக்கான ஐ.நா. உயர் ஆணையகம் ஆழ்ந்த கவலை தெரிவித்தது. அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை.

உயிராபத்து உள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று 1951 அகதிகள் உடன்படிக்கையின் 33ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆபத்து உண்டா இல்லையா என்று ஒழுங்காக விசாரித்துப் பார்க்காமல் அந்த உறுப்புரையை மதித்ததாகச் சொல்லவே முடியாது. இத்தனைக்கும், 1954இல் அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்ததே ஆறாவது நாடாக அவுஸ்திரேலியா அதில் இணைந்ததால்தான். தானே முன்னின்று உயிர் கொடுத்த சட்டத்தை அந்த நாடு அறுபது வருடங்களுக்குப் பிறகு கடலில் வைத்து ஒதுக்கித் தள்ளியது ஏன்? பதில் 2013 தேர்தலில் இருக்கிறது. "படகுகளை நிறுத்துவோம்" என்ற கோஷத்தை ஊர் ஊராகச் சொல்லித்தான் டோனி அபொட்டின் கூட்டணி ஆட்சிக்கு வந்தது. வந்ததும் தொடங்கிய கடல் நடவடிக்கைக்கு "இறைமையுள்ள எல்லைகள்" என்று பெயர் வைத்தார்கள்.

உடன்படிக்கையிலிருந்து அவுஸ்திரேலியா விலகவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இன்றும் அது உறுப்பு நாடுதான். வெகுசனவாதம் சர்வதேசச் சட்டத்துக்குச் செய்யும் சேதத்தில் பெரும்பகுதி இப்படிப்பட்டது. கையெழுத்து அப்படியே இருக்கும், உள்ளடக்கம் மட்டும் காணாமல் போகும்.

வெகுசனவாதம் என்பது மக்களுக்குப் பிடித்ததைச் செய்வது மட்டும் என்றால் அதில் பெரிய குற்றம் இல்லை. அரிசி விலையைக் குறைப்பேன் என்று சொல்வது எல்லா அரசியல்வாதியும் செய்வதுதான். நான் இங்கே பேசுவது வேறொரு வகையான அரசியலை. நாட்டில் இரண்டே தரப்பு உண்டு, ஒன்று நல்ல மக்கள், மற்றது அவர்களை ஏமாற்றும் மேட்டுக்குடி. அந்த மக்களின் குரல் நான் மட்டுமே. ஆகவே என்னைத் தடுக்கும் எதுவும் மக்களைத் தடுப்பதாகும் என்று அது வாதாடும். நீதிமன்றம், ஊடகம், தேர்தல் ஆணைக்குழு எல்லாமே இந்த வாதத்தில் மக்களின் எதிரியாகிவிடலாம். வெளிநாட்டில் இருக்கும் நீதிமன்றமும் ஐ.நா.வும் இன்னும் சுலபமான எதிரிகள், ஏனென்றால் அவர்களுக்கு இங்கே வாக்கு இல்லை. இது வலதுசாரிகளுக்கு மட்டும் சொந்தமான வியாதியும் இல்லை. வெனிசுவேலாவில் சாவேஸ் ஆட்சி 2012இல் அமெரிக்கக் கண்டத்து மனித உரிமை உடன்படிக்கையை விட்டு விலகுவதாக அறிவித்தபோது இதே இறைமை வாதத்தைத்தான் முன்வைத்தது.

சர்வதேசச் சட்டத்தின் அடித்தளமோ இதற்கு நேர்மாறானது. இன்றைய அரசு கொடுத்த வாக்கு நாளைய அரசையும் கட்டும். உன் நாட்டுச் சட்டத்தைக் காரணம் காட்டி உடன்படிக்கையை மீறாதே என்று 1969 வியன்னா உடன்படிக்கையின் 27ஆம் உறுப்புரை சொல்கிறது. தேர்தலில் வென்றேன் என்பது அங்கே சாட்டு ஆகாது. வெகுசனவாதிக்கு இது பொறுக்காது.

இந்த மோதல் எங்கள் மண்ணில் எப்படி நடந்தது என்பதற்கு ஒரு வழக்கு சாட்சி. சட்ட மாணவர்கள் அதைச் சிங்கராசா வழக்கு என்று படிப்பார்கள். 1993 ஜூலையில் மட்டக்களப்பில் ஒரு சுற்றிவளைப்பில் நூற்றைம்பது பேரளவில் பிடிபட்டார்கள். அவர்களில் ஒரு தமிழ் இளைஞரின் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அவருக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. பெருவிரல் அடையாளம் வாங்கப்பட்டது. சித்திரவதை செய்துதான் வாங்கினார்கள் என்று அவர் சொன்னார். ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி உதவிப் பொலிஸ் அத்தியட்சகரோ அதற்கு மேற்பட்டவரோ பதிந்த வாக்குமூலம் செல்லும். அது தானாகக் கொடுத்தது இல்லை என்பதைக் குற்றஞ்சாட்டப்பட்டவரே நிரூபிக்க வேண்டும். 1995இல் 50 வருடச் சிறை. மேன்முறையீட்டில் 35 வருடமாகக் குறைந்தது. ஆதாரம் அந்த வாக்குமூலம்தான்.

உள்நாட்டில் எல்லாக் கதவும் மூடிய பிறகு வழக்கு ஜெனீவாவிலுள்ள ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனது. குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையின் விருப்ப நெறிமுறையில் இலங்கை 1997இல் இணைந்திருந்ததால் தனியொருவர் அங்கே முறையிட வழி இருந்தது. 2004 ஜூலையில் குழு தன் கருத்தைச் சொன்னது. நிரூபிக்கும் சுமையைக் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையில் வைத்தது தவறு, விடுதலை அல்லது மறுவிசாரணை, அதோடு நட்டஈடு. கிழக்கின் ஒரு கிராமத்து ஏழைக்கு உலகின் உயர்ந்த மேடையொன்றில் நியாயம் கிடைத்தது.

அதைக் கையில் வைத்துக்கொண்டு அவர் மறுபடி கொழும்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனார். 2006 செப்டெம்பரில் பிரதம நீதியரசர் சரத் என். சில்வா தலைமையிலான அமர்வு மனுவைத் தள்ளுபடி செய்தது. இறைமை மக்களிடம் இருக்கிறது, நீதி வழங்கும் அதிகாரமும் மக்களின் அதிகாரமே, அதை ஜெனீவாக் குழு ஒன்றுக்குக் கொடுக்க ஜனாதிபதிக்கு உரிமை கிடையாது, ஆகவே 1997இல் இணைந்ததே அரசியலமைப்புக்கு முரண் என்பது தீர்ப்பின் சாரம். நீதியரசர்களை வெகுசனவாதிகள் என்று நான் சொல்லவில்லை. சர்வதேச உடன்படிக்கை உள்நாட்டில் செல்லுபடியாகச் சட்டம் இயற்றப்பட வேண்டும் என்ற கொள்கை பழையது, மதிப்புள்ளது. ஆனாலும் தர்க்கத்தின் போக்கைப் பாருங்கள். மக்களின் இறைமையைக் காப்பாற்றுவதற்காக, அந்த மக்களில் ஒருவர் தனக்குப் புரியாத மொழியில் வைத்த கைநாட்டுக்காகச் சிறையில் இருக்க வேண்டியதாயிற்று. அவரும் அந்த இறைமையில் பங்குள்ளவர் என்பது தீர்ப்பில் எங்கும் கனக்கவில்லை.

பின்னால் வந்த அரசியல் மேடைகள் இதே வாதத்தைத் தீர்ப்பின் நிதானம் ஏதுமின்றித் தூக்கிக்கொண்டன. 2015 ஒக்டோபரில், போர்க்கால மீறல்களுக்குப் பொறுப்புக்கூறுவது பற்றிய ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் 30/1 தீர்மானத்துக்கு இலங்கை தானே இணை அனுசரணை கொடுத்தது. 2019 நவம்பரில் வென்ற கோட்டாபய ராஜபக்ச, அனுராதபுரத்தில் ருவன்வெலிசாய முன்பாகப் பதவியேற்றபோது, சிங்கள மக்களின் வாக்குகளால் மட்டுமே வெல்லலாம் என்று முன்கூட்டியே தெரியும் என்றார். மூன்று மாதம் கழித்து, 2020 பெப்ரவரியில், ஜெனீவாவில் இணை அனுசரணை வாபஸ் வாங்கப்பட்டது. அந்த மே மாதம், படையினரைக் குறிவைக்கும் சர்வதேச அமைப்புகளிலிருந்து விலகவும் தயங்கமாட்டேன் என்று ஜனாதிபதி பேசினார். காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படத்தோடு மட்டக்களப்புக் காந்தி பூங்காவில் நிற்கும் அம்மாக்கள் அந்தப் பேச்சில் சொல்லப்பட்ட மக்களுக்குள் இருந்தார்களா?

அதே ஆண்டு வந்த இன்னொரு கதை எங்கள் மாவட்டத்து ஓட்டமாவடியில் முடிந்தது. கொரோனாவில் இறந்தவரைப் புதைக்கலாம், எரிக்கவும் செய்யலாம், எரித்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்று உலக சுகாதார அமைப்பு 2020 மார்ச்சிலேயே வழிகாட்டியிருந்தது. இலங்கை ஏப்ரல் வர்த்தமானியில் எரிப்பதைக் கட்டாயமாக்கியது. நிலத்தடி நீர் கெடும் என்று காரணம் சொன்னார்கள். உலகில் எத்தனையோ நாடுகள் புதைத்துக்கொண்டுதான் இருந்தன. உள்நாட்டு மருத்துவ அமைப்புகளும் ஆபத்து இல்லை என்றன. டிசெம்பர் முதலாம் திகதி உயர் நீதிமன்றம் காரணம் சொல்லாமலே மனுக்களைத் தள்ளுபடி செய்தது. அந்த மாதம் பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் குழந்தையின் உடல் பெற்றோரின் விருப்பத்துக்கு மாறாக எரிக்கப்பட்டது. பொரளை மயானத்து வாசல் கம்பிகளில் சனங்கள் வெள்ளைத் துணி கட்டினார்கள். 2019 ஈஸ்டர் குண்டுத் தாக்குதலுக்குப் பிறகு முஸ்லிம்கள் மீது வளர்த்துவிடப்பட்ட வெறுப்பு, ஒரு சுகாதார விதியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்தது என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சியோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த எங்கள் நகரத்துக்கு அந்தத் தாக்குதலின் வலி யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வலிக்கும் காத்தான்குடியிலோ ஏறாவூரிலோ கொரோனாவில் இறந்த ஒருவரின் ஜனாஸாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

பிறகு அது எப்படி மாறியது? விஞ்ஞானம் மாறவில்லை. 2021 மார்ச்சில் ஜெனீவாவில் இலங்கை மீது வாக்கெடுப்பு வரவிருந்தது. முஸ்லிம் நாடுகளின் வாக்கு தேவைப்பட்டது. பெப்ரவரி 23ஆம் திகதி பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்தார். 25ஆம் திகதி புதிய வர்த்தமானி வெளியானது. மார்ச் 5 முதல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் நல்லடக்கம் தொடங்கியது. அப்போது நாட்டின் எந்த மூலையில் இறந்தாலும் அங்கேதான் கொண்டுவர வேண்டியிருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்த மண்ணில் இருக்கிறார்கள், கிறிஸ்தவர்களும் உட்பட. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது.

உள்நாட்டு நீதிமன்றமும் மருத்துவர்களும் அசைக்க முடியாத ஒன்றை ஜெனீவாவில் எண்ணப்படவிருந்த சில வாக்குகள் அசைத்தன. சர்வதேச ஒத்துழைப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இது. அது தூய்மையானது இல்லை, கணக்குப் பார்த்துச் செய்யப்பட்டது, பிந்தி வந்தது. இருந்தும் ஓர் அரசு உலகத்தோடு உறவு வைத்திருக்க வேண்டியிருந்ததால்தான் ஒரு தந்தை தன் பிள்ளைக்குத் தொழுகை நடத்தி அடக்கம் செய்ய முடிந்தது.

உள்ளூர் வெகுசனவாதத்தைப் பற்றி மட்டும் பேசினால் பாதிக் கதைதான். தூரத்து வல்லரசுகளில் நடப்பது எங்களை எப்படித் தொடுகிறது என்பதற்கு ஆடைத் தொழிற்சாலையைப் பார்த்தால் போதும். 2025 ஏப்ரல் 2ஆம் திகதி, இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை என்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் அறிவித்தார். அந்த எண் எப்படி வந்தது? இலங்கையோடு உள்ள வர்த்தகப் பற்றாக்குறையை, இங்கிருந்து செய்யும் இறக்குமதியால் வகுத்து, வந்ததில் பாதியை எடுத்திருந்தார்கள். இதில் எந்தச் சட்டமும் கிடையாது. பேச்சுவார்த்தைகளுக்குப் பிறகு அது ஜூலையில் 30, ஆகஸ்டில் 20 சதவீதம் என்று இறங்கியது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் காலையில் கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் பெண்பிள்ளைகள் தைக்கும் உடுப்புக்கு மிகப் பெரிய தனிச் சந்தை அமெரிக்காதான். அந்த நான்கு மாதமும் ஓடர் வருமா, ஓவர்டைம் இருக்குமா என்ற கேள்வியோடு போனது.

உலக வர்த்தக விதிப்படி உறுப்பு நாடுகளுக்கிடையே பாகுபாடு கூடாது, ஒப்புக்கொண்ட தீர்வைக்கு மேல் ஏற்றவும் கூடாது. அப்படியென்றால் இலங்கை வழக்குப் போடலாமே? போடலாம். ஆனால் உலக வர்த்தக நிறுவனத்தின் மேன்முறையீட்டு அமைப்பு 2019 டிசெம்பர் முதல் இயங்கவில்லை. புதிய உறுப்பினர் நியமனங்களை அமெரிக்கா தொடர்ந்து தடுத்ததால் அதில் போதிய ஆட்கள் இல்லை. கீழ்நிலையில் தோற்ற நாடு மேன்முறையீடு செய்துவிட்டால் வழக்கு வெறுமையில் தொங்கும். பெரிய நாட்டுக்கு இது பெரிய இழப்பில்லை, அதனிடம் பேரம் பேசும் பலம் உண்டு. எங்களைப் போன்ற சின்ன நாட்டுக்கு விதி ஒன்றுதான் பலம்.

ஐரோப்பியச் சந்தை இன்னொரு மாதிரி. அங்கே தீர்வைச் சலுகையோடு பொருட்களை விற்க உதவும் ஜி.எஸ்.பி. பிளஸ் திட்டத்துக்கு 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிக்க வேண்டும். 2010இல் மனித உரிமை மீறல்களால் இலங்கை அதை இழந்தது, 2017இல் திரும்பப் பெற்றது. "வெளிநாட்டுக்கு அடிபணியமாட்டோம்" என்று மேடையில் கைதட்டு வாங்கியவர் யாரும் அந்த ஏழு வருட இழப்புக்குக் கணக்குக் காட்டவில்லை. மீனும் இப்படித்தான். விதிமுறை மீறிய மீன்பிடியைக் கட்டுப்படுத்தவில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜனவரி முதல் இலங்கை மீன் இறக்குமதியைத் தடை செய்தது. படகுகளைக் கண்காணிக்கும் முறைகள் வந்து, 2016 ஜூனில் தடை நீங்கியது. ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன்பிடிக்கும் வாழைச்சேனைப் படகுக்காரர்களுக்கு சர்வதேசச் சட்டம் என்பது டீசல் விலை மாதிரி நேரடியான விஷயம்.

உலகின் மற்ற இடங்களிலும் போக்கு இதுவேதான். 2018இல் புலம்பெயர்வு பற்றிய ஐ.நா. உலக இணக்கம் யாரையும் சட்டப்படி கட்டாத ஓர் ஆவணமாக வந்தது. வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் எங்கள் ஊர்ப் பெண்களுக்கு ஓரளவாவது பயன்படக்கூடிய வாசகங்கள் அதில் உண்டு. அதை நாட்டின் கதவையே திறந்துவிடும் சதி என்று ஐரோப்பாவில் பிரசாரம் செய்தார்கள். பெல்ஜியத்தில் கூட்டணி அரசே அந்தச் சண்டையில் உடைந்தது. உலக சுகாதார அமைப்பிலிருந்தும் பாரிஸ் காலநிலை ஒப்பந்தத்திலிருந்தும் விலகும் ஆணையில் ட்ரம்ப் 2025 ஜனவரி 20ஆம் திகதி, பதவியேற்ற அன்றே, கையெழுத்திட்டார். அம்பாறையில் வயல் மூழ்கும் ஒவ்வொரு வெள்ளத்தையும் ஒரு தலைவரின் தலையில் கட்டுவது நேர்மையில்லை. ஆனால் காலநிலை மாற்றத்தால் பாதிக்கப்பட்ட ஏழை நாடுகளுக்கென்று உருவான இழப்பு, சேத நிதியத்தின் சபையிலிருந்தும் அமெரிக்கா அந்த ஆண்டு வெளியேறியது. வெள்ளம் வடிந்த பிறகு விதைநெல்லுக்கு வழி தேடுபவருக்கு அது தூரத்துச் செய்தி இல்லை.

விலகிவிட்டால் தப்பிவிடலாம் என்பதும் எப்போதும் பலிப்பதில்லை. பிலிப்பைன்ஸ் ஜனாதிபதி டுட்டெர்டே சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை விட்டு விலகுவதாக 2018இல் அறிவித்தார். 2019 மார்ச்சில் விலகல் நடைமுறைக்கு வந்தது. ஆனால் உறுப்பு நாடாக இருந்த காலத்துக் குற்றங்களுக்கு நீதிமன்றத்தின் அதிகாரம் அழியாது. 2025 மார்ச்சில் அவர் கைதாகி ஹேக்குக்குக் கொண்டுபோகப்பட்டார்.

இங்கே ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். வெகுசனவாதம் வெறும் பொய்யில் முளைப்பதில்லை. சர்வதேசச் சட்டம் பலவீனமானவரைக் கட்டும் அளவுக்குப் பலமானவரைக் கட்டுவதில்லை. காஸாவைப் பார்த்துக்கொண்டிருப்பவர் யாருக்கும் இதற்கு விளக்கம் தேவையில்லை. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு 3 பில்லியன் டொலர் திட்டம் வந்தது, 2024 ஜனவரியில் வற் வரி 18 சதவீதமானது. செங்கலடிச் சந்தையில் மரக்கறி விற்பவரிடம் இதையெல்லாம் யார் கேட்டார்கள்? கேட்காமல் முடிவெடுக்கும் பழக்கம்தான் வெகுசனவாதிக்கு வாசலைத் திறந்து வைக்கிறது. அந்தக் கோபம் சரி. அதற்கு மருந்தாக எல்லா விதியையும் கொளுத்து என்பதுதான் பிழை, ஏனென்றால் விதி எரிந்த பிறகு எஞ்சுவது பலசாலியின் விருப்பம் மட்டுமே.

எங்கள் பக்கத்து மேடைகளையும் விட்டுவிட முடியாது. ஒவ்வொரு ஜெனீவா அமர்வுக்கும் முன்னால், இந்த முறை நீதி வந்துவிடும் என்று பேசும் தமிழ் அரசியல்வாதிகளை நாங்கள் எத்தனை வருடமாகக் கேட்கிறோம்? மனித உரிமைகள் பேரவை 47 நாடுகளின் அரசியல் சபை. அது யாரையும் சிறையில் போடாது. சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் ரோம் சாசனத்தில் இலங்கை இல்லை. இலங்கையே ஒப்புக்கொண்டாலொழிய, நாட்டு எல்லைக்குள் நடந்தவற்றை அங்கே கொண்டுபோகப் பாதுகாப்புச் சபை அனுப்ப வேண்டும், அங்கே ஐந்து நாடுகளுக்கு வீட்டோ உண்டு. இதை அந்த அம்மாக்களிடம் நேராகச் சொல்லாமல் நம்பிக்கை விற்பதும் வெகுசனவாதம்தான். ஜெனீவா தந்த உருப்படியான ஒன்று 2021இன் 46/1 தீர்மானம் தொடக்கிய ஆதாரம் திரட்டும் வேலை. அதைச் சாட்சிகளோடு பலப்படுத்துவதைப் பற்றி மேடையில் பேச்சே இல்லை.

தமிழர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இடையிலான கல்முனைப் பிரதேச செயலகப் பிரச்சினையில் இரண்டு பக்கமும் "எங்கள் மக்கள்" என்று பேசும்போது, அடுத்த தெருவில் இருப்பவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். அதன் கடைசி எல்லை எது என்று மட்டக்களப்பு மாவட்டம் கண்டிருக்கிறது. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களை விடுதலைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். ஐந்து கிழமை கழித்து, செப்டெம்பர் 9ஆம் திகதி, நகரத்துக்கு வடக்கே சத்துருக்கொண்டானில் இராணுவத்தால் 184 தமிழர் கொல்லப்பட்டதாக ஜனாதிபதி ஆணைக்குழு பதிவு செய்தது. ஒன்று ஆயுத இயக்கம் செய்தது, மற்றது அரச படை. இரண்டையும் தடுப்பது ஒரே வாசகம்: 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான 3ஆம் உறுப்புரை. செத்தவர் எந்த மக்களைச் சேர்ந்தவர் என்று அது கேட்பதில்லை. எனக்குச் சர்வதேசச் சட்டத்தில் பிடித்ததே அந்தக் கேட்காமைதான்.

2024இல் ஆட்சி மாறியது. பொருளாதாரத்தில் புதிய அரசு பழைய கோஷங்களை அவ்வளவாகப் பேசுவதில்லை. ஆனால் ஜெனீவா விஷயத்தில் நிலைப்பாடு பழையதே. அந்த ஒக்டோபரில் ஆதாரம் திரட்டும் பணியை நீடித்த தீர்மானத்தை இந்த அரசும் நிராகரித்தது. புதிய அரசியலமைப்பு பற்றிய வாக்குறுதி அப்படியே இருக்கிறது. அது வரைவாக மேசைக்கு வரும் நாளில் எங்கள் மாவட்டங்களின் பிரதிநிதிகள் அதிகாரப் பகிர்வோடு இன்னொன்றையும் கேட்க வேண்டும். இலங்கை கையெழுத்திட்ட மனித உரிமை உடன்படிக்கைகள் உள்நாட்டு நீதிமன்றத்தில் நேரடியாகச் செல்ல வேண்டும், ஐ.நா. மனித உரிமைக் குழு ஒருவருக்குச் சார்பாகக் கருத்துச் சொன்னால் அவர் வழக்கை மறுபடி திறக்க வழி வேண்டும். நேபாளம் 1990இலேயே, தான் இணைந்த உடன்படிக்கைக்கும் உள்நாட்டுச் சட்டத்துக்கும் முரண் வந்தால் உடன்படிக்கையே மேல் என்று சட்டம் இயற்றிவிட்டது. விருப்ப நெறிமுறையிலிருந்து இலங்கை இன்னும் விலகவில்லை, ஆகவே மட்டக்களப்பிலிருந்து ஒருவர் இன்றும் ஜெனீவாவுக்கு முறைப்பாடு எழுதலாம். பதில் வந்த பிறகு அதை எடுத்துக்கொண்டு போக உள்நாட்டில் ஒரு கதவு வேண்டும்.